கையைப் பிடித்தால் பதினெட்டு

ஆக. 4, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். என் குடை போன வாரத்திலிருந்து வார்டு நர்ஸ் சாந்தியிடம். இன்று கேட்கவும் முடியாத நிலை.

ஆஸ்பத்திரி அட்மினிஸ்ட்ரேட்டர் கூப்பிட்டார். ஆண்கள் வார்டு விஷயம். ஆரோக்கியம் என்ற பெரியவர் காய்ச்சல், இருமல் என்று வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தவர். மூடிப்போன மைன்ஸில், சுரங்கத்துக்குள், வேலை பார்த்தவர். சனிக்கிழமை முழுக்க டேப்பில் பச்சை. ஞாயிறு காலை சாந்தி போய்ப் பார்க்கையில் உதடு நீலம், ஆள் பேசவில்லை. ஆம்புலன்ஸ், பெங்களூர், இப்போது வென்டிலேட்டர்.

நர்சுகளில் டேப்புக்குப் பொறுப்பு நான் என்பதால் ரிப்போர்ட் நான் எழுத வேண்டுமாம். அடுத்த திங்களுக்குள். டிரஸ்டிகளுக்கும் புரிகிற மாதிரி, டேப் என்றால் என்ன என்பதிலிருந்து. இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்:

"காய்ச்சல், பி.பி., நாடி, ஆக்சிஜன், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆள் தெளிவாக இருக்கிறாரா என்று ஆறு விஷயங்களை நர்ஸ் டேப் என்ற கைக் கணினியில் போடுவார். அது கூட்டிப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும். மஞ்சள் என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். சிவப்பு என்றால் ஓட வேண்டும். என்ன நோயாக இருக்கலாம், எந்த டெஸ்ட் எடுக்கலாம் என்றும் சொல்லும்."

வார்டில் அதற்குப் பெயர் மாமியார். சாந்தி வைத்தது. ஓயாமல் குறை சொல்லும், ஆனால் சில நேரம் சொல்வது சரியாக இருக்கும் என்பது அவள் விளக்கம். இதை ரிப்போர்ட்டில் போட முடியாது.

எனக்கு மாமியார்மேல் மரியாதை உண்டு. பெண்கள் வார்டில் பிரசவம் ஆன பெண்ணுக்கு ரத்தத்தில் கிருமி ஏறுவதை எங்கள் எல்லோருக்கும் முன்னால் அதுதான் கண்டது. அந்தப் பெண் குழந்தையோடு நடந்து வீட்டுக்குப் போனாள். அப்புறம் ஆரோக்கியத்தை ஏன் விட்டது?

பெங்களூர் சாஃப்ட்வேர்காரர்களின் பதில் தயார். ஆரோக்கியத்தின் மூச்சு 18, 18, 18, நோயில்லாதவருக்கு இருப்பது. போட்டது சாந்தி. எண்ணாமல் போட்ட எண் என்கிறார்கள். மெமோ டைப் ஆகி மேஜைமேல் இருக்கிறது, கையெழுத்துதான் பாக்கி. நான் "ஆமாம்" என்று எழுதினால் சாந்திக்கு வேலை இல்லை.

வீட்டுக்கு வந்தால் அப்பா இல்லை. பன் வாங்கப் போனவர். பேக்கரி எங்கள் லைன் வீடுகள் முடிகிற மேட்டில்தான் இருக்கிறது, ஆனாலும் போய்வர ஒரு சினிமா நேரம் ஆகும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று விசாரித்தாக வேண்டும் அவருக்கு. என் வீட்டுக்காரர் ரவி அவரை "கவுன்சிலர்" என்பார்.

ஆரோக்கியம் விஷயம் சொன்னேன். இருவரும் மைன்ஸில் ஒரே ஷிஃப்டில் இருந்தவர்கள்.

"அவனா? அவன் ஃபிட்டாச்சே" என்றார். பன்னைப் பிரித்துச் சாப்பிடவில்லை.

ஆக. 5, செவ்வாய்

தூறல் நின்றது. துணி காயவில்லை. பூதிகோட்டைத் தக்காளி மலிந்துவிட்டது, ஒரு கூடை வாங்கியது தப்பு.

டேப்பில் பழைய பதிவுகளைப் பார்த்தேன். சாந்தி மட்டும் போட்டதல்ல, எல்லா நர்சும் போட்டது. நான் போட்டதும்.

பெண்கள் வார்டு: 16, 22, 24, 19, 20. ஏறுகிறது, இறங்குகிறது.
ஆண்கள் வார்டு, இளசுகள்: அதேபோல.
ஆண்கள் வார்டு, பெரியவர்கள்: 18, 18, 17, 18, 16, 18.

யார் ஷிஃப்டில் இருந்தாலும் 18. காய்ச்சல் நூற்று இரண்டு, மூச்சு 18. நிமோனியா, மூச்சு 17. நான் போட்டதும் 18தான். நான் எண்ணித்தான் போட்டேன். எண்ணினேனா? எண்ணினேன். இரண்டு முறை என்னையே கேட்டுக்கொண்டேன்.

நர்சுகள் எல்லோரும் சேர்ந்து ஏமாற்றினால் பெரியவர்களிடம் மட்டும் ஏன் ஏமாற்ற வேண்டும்? சோம்பேறித்தனத்துக்கு வயது தெரியுமா? விசித்திரமாக இருக்கிறது. மனசு இதைவிட்டு நகரமாட்டேன் என்கிறது. குழம்பில் உப்பு போட மறந்தேன்.

சாந்தி என்னைப் பார்த்தால் திரும்பிக்கொள்கிறாள். ஸ்டோர் ரூமில் மடக்கினேன்.

"எண்ணினேன் சிஸ்டர். நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க. அதுக்குமேல இன்னா சொல்றது?"

குடையைக் கொடுத்துவிட்டுப் போனாள். கம்பி ஒன்று மடங்கியிருக்கிறது.

அப்பா டி.வி. முன்னால் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார், இன்றும். கட்டிலுக்குப் போங்கப்பா என்றால் படம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறார். டி.வி. அணைந்து கிடந்தது.

ஆக. 6, புதன்

ரவிக்குக் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் போய்விட்டது. திரும்பி வந்து என்னைப் பார்த்தார், நான்தான் ரயிலை அனுப்பிவிட்ட மாதிரி. பஸ்ஸில் போனார்.

நான்காம் படுக்கைக்குப் புது ஆள். மரியதாஸ், மைன்ஸில் டிம்பர்மேன், அதாவது சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுப்பவர். காய்ச்சல், சளி. மனைவி கூட இருக்கிறார், பேச்சே இல்லாதவர்.

இன்று நானே எண்ணினேன். நர்சிங் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி. எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லக்கூடாது, சொன்னால் மூச்சு மாறும். நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பைப் பார்த்து எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது வழக்கம். நான் முழு நிமிடம் எண்ணினேன். சாந்தி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில்.

17.

சாந்தி கட்டிய கையை அவிழ்க்கவில்லை. நின்ற விதமே போதும்.

"மூச்சு வாங்குதாங்க?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. ஃபிட்டா கீறேன்."

ஆக்சிஜன் 89, குறைவுதான். டாக்டர் வந்து டேப்பில் "பழைய நுரையீரல் நோய்" கட்டத்தில் டிக் போட்டார். போட்டால் 89க்கு டேப் கத்தாது. போடாவிட்டால் இந்த ஊரில் பாதிப் பெரியவர்களுக்கு எப்போதும் சிவப்புதான். அவர் செய்தது சரி. ஆனால் டீ குடிக்கும்போது யோசித்தேன். ஆக்சிஜனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லியாயிற்று. காய்ச்சல் மாத்திரையால் சூடு இறங்கிவிடும். பி.பி. மாத்திரை நாடியை ஓடவிடாது. மாமியாருக்கு மிச்சம் இருக்கிற ஒரே கண் அந்த மூச்சுக் கணக்குதான். அதுவும் 17 என்றால் அது வேறு என்ன காட்டும்? பச்சை.

டாக்டரிடம் சொன்னேன். நல்ல கேள்வி என்றார்.

ஆக. 7, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

காலை டிரஸ்ஸிங் முடித்து வார்டு வாசலில் இருக்கிற வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மேலே பழைய கண்ணாடி, ரசம் போனது. அதில் நான்காம் படுக்கை தெரியும். இத்தனை வருடம் அந்தக் கண்ணாடியில் என் கொண்டையைத்தான் பார்த்திருக்கிறேன்.

மரியதாஸ் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் படுக்கையில் ஊன்றி. தோள் ஏறி இறங்குகிறது. கழுத்துக் குழி உள்ளே போகிறது. மனைவி முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். குழாயை மூடாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்.

30.

திரும்பி உள்ளே போனேன். செருப்புச் சத்தம் கேட்டதும் மனைவியின் கை முதுகிலிருந்து இறங்கியது. மரியதாஸ் சாய்ந்து உட்கார்ந்தார். மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் கூரையைப் பார்த்தார். மார்பு நிதானமாக, அழகாக, பாடப் புத்தகத்தில் போடலாம்.

18.

கையை விட்டேன். வாசல்வரை போய்க் கண்ணாடியில் பார்த்தேன். அடக்கி வைத்ததும் சேர்த்து வந்தது. முப்பதுக்கும் மேலே.

பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பயம்தான் அதிகம். ஆரோக்கியம் சனிக்கிழமை முழுக்க இப்படித்தான் இருந்திருப்பார். சாந்தி வருகிறபோதெல்லாம் நல்ல பிள்ளையாக, போன பிறகு ஊன்றிக்கொண்டு.

டாக்டரை இழுத்து வந்து கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். அவரும் எண்ணினார். எண்ணி முடித்து என்னைப் பார்க்கவில்லை, நேரே உள்ளே போனார். டேப்பில் 30 போட்டோம். அடுத்த நொடி சிவப்பு. நிமோனியா என்று சந்தேகி, எக்ஸ்ரே எடு, ரத்தம் எடு, மருந்தை மாற்று என்று வரிசையாகச் சொன்னது. எல்லாம் சரியான யோசனை. அதற்கு அறிவு இல்லாமல் இல்லை. நாங்கள் கொடுத்ததுதான் பொய்.

எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே வெள்ளை. ஆக்சிஜன் குழாய், புது ஆன்டிபயாடிக். மத்தியானத்துக்குள் எல்லாம் ஆயிற்று.

சாந்தியிடம் சொன்னேன். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அப்பா கேட்டார், ஆரோக்கியம் எப்படி என்று. அப்படியேதான் என்றேன். கண்ணாடிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பால்காரன் வந்துவிட்டான், அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பால் எப்போதும் நான்தான் வாங்குவேன்.

ஆக. 8, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

மரியதாஸுக்குக் காய்ச்சல் இல்லை. கஞ்சி குடித்தார். அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கையைப் பிடிக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். முதலில் புரியாத மாதிரி பார்த்தார். கண்ணாடியைக் காட்டினேன். வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"வருசத்துக்கொரு வாட்டி கம்பெனில மெடிக்கல் வெப்பாங்க சிஸ்டர். டாக்டர் கையப் புடிச்சிக்கினு மாரப் பார்ப்பாரு. மூச்சு மெதுவா வந்துச்சின்னா ஃபிட்டுன்னு எழுதுவாரு, ஓடுச்சின்னா எக்ஸ்ரே படம் எடுப்பாங்க. படத்துல இன்னா கீதுன்னு அவனவனுக்குத் தெரியும். அப்பால கீழ எறங்க வுடமாட்டாங்க, மேலதான் வேலை, சம்பளம் கம்மி. அதனால நாங்களே பழகிக்கினோம். கீழ எறக்குற கேஜுக்கு நிக்கிற நேரத்துல ஒருத்தன் கையப் புடிப்பான், ஒருத்தன் மெதுவா வுடுவான். யாரு ரொம்ப மெதுவா வுடறான்னு போட்டி."

ஆரோக்கியம்தான் அதில் ராஜாவாம். டாக்டரே அவரைக் காட்டி, இவனைப் போல இருக்க வேண்டும் என்று மற்றவர்களிடம் சொல்வாராம்.

மைன்ஸ் மூடி இத்தனை வருடம் ஆகிறதே, இங்கே யார் உங்களை வேலைக்கு வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள் என்றேன்.

"நான் எங்கம்மா பண்றேன்? கையப் புடிச்சா அது தானா மெதுவாயிடுது."

மனைவி அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார். கல்யாணத்துக்கு மோதிரம் மாற்றியபோதும் இப்படித்தான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாராம். தன்னைப் பிடிக்கவில்லையோ என்று பயந்தாராம். மரியதாஸ் சிரிக்கப் போய் இருமினார்.

பள்ளியில் சொல்லிக்கொடுத்த வித்தை எந்த ஊரிலும் பலிக்கும். மணிக்கட்டைப் பிடி, பேசாமல் எண்ணு, நோயாளிக்குத் தெரியாது. இந்த ஊரில் மட்டும் மணிக்கட்டைப் பிடிப்பதுதான் மணி அடிப்பது மாதிரி. நான் இங்கேயே பிறந்தவள். எனக்கும் தெரியவில்லை.

ஆக. 9, சனி

சாந்தியும் நானும் சோதித்தோம். அவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணுவாள். அதற்கு முன்னால் நான் அடுத்த படுக்கையில் டிரிப் சரிசெய்கிற மாதிரி நின்று, ஆளுக்குத் தெரியாமல் எண்ணுவேன். இருவரும் தனித்தனியாகத் துண்டுக் காகிதத்தில்.

மரியதாஸ்: நான் 24, அவள் 17.
ஏழாம் படுக்கை, கேஜை ஏற்றி இறக்குகிற வைண்டிங் என்ஜினில் இருந்தவர்: நான் 20, அவள் 20. அவர் மேலேயே வேலை பார்த்தவர், கீழே இறங்காதவர்.
ஒன்பது, கீழே வேலை பார்த்தவர், சர்க்கரைப் புண்ணுக்காகச் சேர்ந்தவர்: நான் 23, அவள் 16.
பத்து, பூதிகோட்டை விவசாயி, காய்ச்சல்: நான் 26, அவள் 26. கையைப் பிடித்ததும் ஊசியா என்று கேட்டார், அவ்வளவுதான்.

நாலு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, தானும் இனி கண்ணாடியில்தான் எண்ணப் போவதாகச் சொன்னார்.

சாந்தி துண்டுக் காகிதங்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டே, "நான் பொய் சொல்லல இல்ல சிஸ்டர்?" என்றாள். இல்லை என்றேன். ஐந்து நாளாக இதற்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். திங்கட்கிழமையே இதை நான் சொல்லியிருக்கலாம், எண்ணுவதற்கு முன்னாலேயே.

மத்தியானம் சாஃப்ட்வேர் பெண் தீபிகாவோடு வீடியோ கால். சின்னப் பெண், கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசுவாள். சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். முழுதும் கேட்டாள். "ஹௌதா?" என்றாள் பல தடவை, அப்படியா என்று. டேப்பில் தான் "மைன்ஸ் வேலை" என்றே ஒரு கேள்வி வைக்கவில்லை என்றாள், வைத்திருந்தாலும் இது தெரிந்திருக்காது என்றாள். பிறகு அவளாகவே ஒரு யோசனை. மூச்சு எண்ணிக்கை போடும் இடத்துக்குக் கீழே ஒரு கட்டம்: "நோயாளிக்குத் தெரியாமல் எண்ணப்பட்டதா?" டிக் இல்லையென்றால் அந்த எண்ணை வைத்துப் பச்சை காட்டாது.

கடைசியில் கன்னடத்தில் கேட்டாள், டேப்புக்குத் தெரியாதது உங்கள் ஊரில் இன்னும் என்னென்ன இருக்கிறது சிஸ்டர் என்று. குத்தலாக இல்லை, நிஜமாகவே கேட்டாள். அவளைப் பிடித்துவிட்டது.

தெரியவில்லை என்றேன். அதைத்தான் மூன்று நாளாக நானும் யோசிக்கிறேன். மறைக்கிறோம் என்றே தெரியாமல் எதையெதை மறைக்கிறார்கள்? எண்ண வருகிறோம் என்று தெரியாமல் எண்ண வேண்டியவை எத்தனை?

மீன் வாங்கினேன். அப்பாவுக்கு முள் இல்லாதது.

ஆக. 10, ஞாயிறு

மாதா கோவிலுக்கு அப்பாவோடு நடந்தேன். ரவிக்குத் தலைவலி, வரவில்லை. எப்போதும் நான் முன்னால் போய்விடுவேன், அப்பா பின்னால் ஊரை விசாரித்துக்கொண்டு வந்து சேர்வார், முதல் பாட்டு முடியும்போது. இன்று கூடவே நடக்கலாம் என்று தோன்றியது. வெயில் இதமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

முதல் வீட்டில் நின்றார். பையனுக்கு வேலை கிடைச்சுதா? அந்த அம்மாள் ஆரம்பித்தார், இன்டர்வியூவிலிருந்து. அப்பா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

அடுத்து நாலு வீடு தள்ளி. கரண்ட் ஆபீஸ்ல இன்னா சொன்னாங்க? அது ஒரு பெரிய கதை. அப்பா சுவரில் சாய்ந்து தலையாட்டினார்.

மேடு ஆரம்பிக்கிற இடத்தில் தையல்காரர். மக பிரசவம் எப்போ? மேட்டுக்குப் பாதியில் பேக்கரி. முட்டை விலை ஏன் ஏறுது?

பேக்கரி வாசலில் எனக்குப் புரிந்துவிட்டது. தலைக்குள் ஏதோ நின்ற மாதிரி இருந்தது.

அப்பா கேள்வி மட்டும்தான் கேட்கிறார். அதுவும் சின்னக் கேள்வி, பதில் பெரிதாக வருகிற கேள்வி. அவர் யாருக்கும் எந்தக் கதையும் சொல்லவில்லை. ஆமாம், அப்படியா, அடடா. அதற்குமேல் இல்லை. கை எதையாவது பிடித்திருக்கிறது, கேட், சுவர், ஷட்டர். மற்றவர் பேசி முடிக்கிற நேரத்தில் அவர் முகம் சரியாகிறது. பிறகு "வரேன்" என்று அடுத்த வீடுவரை.

ஊரே சொல்லும், எவ்வளவு அன்பான மனுஷன், எல்லாரையும் விசாரிப்பார் என்று. நானும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கவுன்சிலர் என்று நாங்கள் சிரித்த சிரிப்பு.

நாற்காலியில் தூங்குவது. பன்னுக்கு ஆகிற நேரம். வியாழக்கிழமை கதையைக் கேட்காமல் பால் வாங்கப் போனது. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. தினம் எத்தனை பேர் மூச்சை எண்ணுகிறேன். ஒரே வீட்டில் இருப்பவரை விட்டுவிட்டேன். என்மேல் எனக்கு வந்த கோபத்தில் பாட்டுப் புத்தகம் திறக்கவில்லை.

பாதிரியார் ஆரோக்கியத்துக்காக ஜெபித்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவர் பாடவில்லை. எப்போதிலிருந்து பாடுவதில்லை? நல்ல குரல் அவருக்கு. ஞாபகம் இல்லை எனக்கு.

திரும்பும்போது நான் மெதுவாக நடந்தேன், அவருக்குத் தெரியாமல். அவருக்குத் தெரிந்துவிட்டது. வேகமாக நடந்தார்.

ஆக. 11, திங்கள்

ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. அட்மினிஸ்ட்ரேட்டர் படித்தார், மெமோவை எடுத்துக் கிழித்தார். தன் மாமனாரும் மைன்ஸ்தான் என்றார். அதோடு போனைக் கையில் எடுத்தார், நான் வெளியே வந்துவிட்டேன்.

ஆண்கள் வார்டில் இனி அடுத்த படுக்கையிலிருந்துதான் மூச்சு எண்ண வேண்டும் என்று சாந்தி எல்லோருக்கும் வகுப்பு எடுத்தாள். மாமியாரையும் ஒரு வார்த்தை புகழ்ந்தாள். கண்ணாடிக்குப் புது ரசம் பூச வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று டாக்டர். புதிதாக இருந்தால் பெரியவர்களுக்கு நாங்கள் தெரிவோமாம்.

ஆரோக்கியத்தின் மகன் போன் செய்தார். வென்டிலேட்டர் குழாயை எடுத்துவிட்டார்கள். எப்படி இருக்கிறது என்று பெங்களூர் டாக்டர் கேட்டாராம். குரலே வரவில்லையாம், ஆனால் "ஃபிட்" என்றாராம். சிரித்து முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினேன். கடிகாரம் அவர் தலைக்குமேல். பேப்பரின் ஓரம் ஏறி இறங்குவதை எண்ண ஆரம்பித்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, வேகமாக வந்தது. என் கத்தி நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார்.

பேப்பரை மடித்தார். முதுகை நிமிர்த்தினார். ஜன்னலைப் பார்த்தார். நிதானமாக, அழகாக. கையைக்கூட யாரும் பிடிக்கவில்லை.

ஒரே மகள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கும் மெடிக்கல் காட்டுகிறார். மனசு உடைந்துவிட்டது. கத்தியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எதிரே இல்லை, பக்கத்தில், அவரைப் பார்க்காமல்.

"ப்பா, நான் கம்பெனி டாக்டர் இல்ல" என்றேன்.

பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம். அது அடங்கியதும் அவர் தோள் இறங்கியது. மூச்சு வந்தது, உள்ளதெல்லாம், விசிலோடு. நான் எண்ணவில்லை. முதுகில் கை வைத்தேன், மரியதாஸின் மனைவி வைத்த மாதிரி. எலும்பு தட்டுப்பட்டது. இவ்வளவு இளைத்தது எப்போது?

எத்தனை நாளாக என்று கேட்டேன். வாயைத் திறந்தார், காற்று போதவில்லை, கையை மட்டும் ஆட்டினார். நாளாச்சு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்க வந்து கேட்கவில்லை. அவருக்கே தெரியாது.

நாளை காலை எக்ஸ்ரே. ரவியிடம் ஆட்டோ சொல்லச் சொன்னேன், மேடு நடக்க வேண்டாம். அப்பாவின் வெள்ளைச் சட்டை இஸ்திரி. டாக்டரிடம் போனில் பேசினேன், தானே பார்க்கிறேன் என்றார்.

படுக்கப் போனபோது அப்பா கூப்பிட்டார். நாற்காலியில்தான் இருந்தார், இன்று டி.வி. சாக்கு இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"நாளைக்கு... கைய யாரும் புடிக்காம பாத்துக்கோ. புடிச்சா... நான் ஃபிட்டாயிடுவேன்."